ஏழடி இருந்தா மட்டும் போதுமா பாஸ்?

கூடையில் பந்து விழுறதை எல்லாரும் பார்க்கலாம். 'இவன் நாளைக்குத் தேறுவானா?' என்று பார்ப்பதற்கு வேற கண் வேணும்!

"ஒரு எகிறு எகிறினான்னா ரிங்கைப் புடிச்சுடுறான்டா. இவன் மட்டும் அமெரிக்காவுல பொறந்திருந்தா இந்நேரம் என்.பி.ஏ.தான்!"

கல்லூரி ஹாஸ்டல்களில் இந்த வசனத்துக்கு வயசே ஆகாது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் போனால் கூடவே இன்னொரு வரியும் ஒட்டிக்கொண்டு வரும்: "மலைக்காத்து மச்சி... ஸ்டாமினா சும்மா பிச்சுக்கும்!"

சரி, நிஜமாகவே ஓர் அமெரிக்க ஸ்கவுட், அதாவது இளசுகளில் யார் தேறுவார் என்று கண்டுபிடிப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஆசாமி, கையில் நோட்டோடு நம்ம கோர்ட் ஓரம் வந்து உட்கார்ந்தால் என்ன எழுதுவார்? அதைத் தெரிஞ்சுக்க முதலில் பஞ்சாப் வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வரணும்.

பர்னாலா மாவட்டத்தில் பல்லோ கே என்று ஒரு குட்டிக் கிராமம். அங்கே ஒரு விவசாயியின் மகன் சத்னாம் சிங். அப்பாவும் ஏழடியைத் தாண்டிய மனுஷன். பையனை லூதியானா பேஸ்கட்பால் அகாடமியில் சேர்த்தார்கள். 2010-ல், 14 வயதில், ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் உதவித்தொகையில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருக்கிற ஐ.எம்.ஜி. அகாடமிக்குப் பறந்தார். ஆங்கிலம்? சுத்தமாகத் தெரியாது. ஐந்து வருஷம் கழித்து, 2015 ஜூன் 25 அன்று நடந்த என்.பி.ஏ. டிராஃப்டில் 52-வது ஆளாக டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அவரை எடுத்தது. உயரம் 7 அடி 2 அங்குலம். எடை சுமார் 130 கிலோ. இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. டிராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் ஆள்! 

டிராஃப்ட் என்றதும் ஐ.பி.எல். ஏலத்தை நினைச்சுக்காதீங்க. அங்கே காசு பேசும், இங்கே வரிசை பேசும். 30 அணிகள், இரண்டு சுற்று, வழக்கமாக 60 பெயர்கள். போன சீசனில் மோசமாக ஆடிய அணிகளுக்கு முதல் வரிசை. அதுவும் குலுக்கல் போட்டு! வேணும்னே தோத்துட்டு முதல் ஆளைத் தூக்கிடலாம்னு யாரும் கணக்குப் போடக் கூடாதில்லையா? எந்த அணி எடுக்குதோ அங்கேதான் போகணும். பேரம் பேச முடியாது.

அப்புறம் சத்னாம் என்ன ஆனார்? டல்லாஸின் துணை அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸில் இரண்டு சீசன் இருந்தார். ஆட்டத்துக்குச் சில நிமிஷங்கள், மற்ற நேரம் பெஞ்ச். என்.பி.ஏ.வில் ஒரே ஒரு ஆட்டம் கூட ஆடவில்லை. 2021-ல் ஆல் எலீட் ரெஸ்லிங் என்ற தொழில்முறை மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார். 

இதுல ஒரு வேடிக்கை. கனடாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர் சிம் புல்லர், 7 அடி 5 அங்குலம். 2014 டிராஃப்டில் அவரை ஒருத்தரும் சீண்டவில்லை. ஆனால் 2015 ஏப்ரலில் சாக்ரமென்டோ கிங்ஸுக்காக மூன்று ஆட்டங்களில் தலைகாட்டிவிட்டார். எடுக்கப்பட்டவர் ஆடலை, எடுக்கப்படாதவர் ஆடிட்டார்!

இஞ்ச் டேப் சொல்றதும் சொல்லாததும்

டிராஃப்டுக்கு முன்னால் சிகாகோவில் 'கம்பைன்' என்று ஒரு சோதனை நடக்கும். கிட்டத்தட்ட மாட்டுச் சந்தை மாதிரிதான், பல்லைப் பிடித்துப் பார்க்காத குறை. ஷூ இல்லாமல் உயரம், கையை மேலே நீட்டினால் எவ்வளவு எட்டும், நின்ற இடத்தில் எவ்வளவு குதிப்பார், ஓடி வந்து எவ்வளவு குதிப்பார், கோர்ட்டின் முக்கால் நீளத்தை எத்தனை நொடியில் கடப்பார்... எல்லாத்தையும் குறிச்சுக்குவாங்க.

இதுல நம்ம பசங்க கவனிக்காத ஒண்ணு, கை விரிப்பு. இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை எவ்வளவு? நம்மில் பலருக்கும் அது உயரத்துக்குச் சமமாக இருக்கும். என்.பி.ஏ. ஆட்டக்காரர்களுக்கு சராசரியாக உயரத்தைவிட ஆறு சதவீதம் போல அதிகம். ஆறடி ஆளுக்கு ஆறடி நாலங்குலக் கை என்று வெச்சுக்குங்க. பந்தைத் தட்டுறது, தடுக்கிறது, ரீபவுண்ட் எடுக்கிறது எல்லாமே கை. தலையால யாரும் பிளாக் பண்றதில்லையே!

இந்த அளவெல்லாம் பொய் சொல்லாது. ஆனா முழுசாவும் சொல்லாது. 2007 கம்பைனில் 84 கிலோ எடையை எத்தனை தடவை தூக்குவீர்கள் என்று ஒரு சோதனை. ஒல்லிக்குச்சி கெவின் டுராண்டால் ஒரு தடவைகூடத் தூக்க முடியவில்லை. அந்த வருஷம் முதல் ஆளாகப் போனவர் ஏழடி மலை கிரெக் ஓடன். டுராண்ட் இரண்டாவது. ஓடனின் முழங்கால்கள் ஒத்துழைக்கவில்லை. மொத்த என்.பி.ஏ. வாழ்க்கையும் 105 ஆட்டங்களில் முடிந்தது. டுராண்ட் 2014-ல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையே வாங்கினார். 84 கிலோ தூக்காட்டி என்ன?

'விளையும் பயிர் முளையிலே தெரியும்'னு பாட்டி சொல்வாங்க. 2014 டிராஃப்டில் 41-வதாக செர்பியாக்காரர் நிகோலா யோகிச் பெயர் வந்தபோது அமெரிக்க டி.வி.யில் சாப்பாட்டுக் கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பெருசா குதிக்க மாட்டார், வேகமா ஓட மாட்டார், கொஞ்சம் குண்டு வேற. எந்த இஞ்ச் டேப்புக்கும் சிக்காதது ஒண்ணு அவரிடம் இருந்தது: யார் எப்போ எங்கே வருவாங்கன்னு முன்கூட்டியே தெரிஞ்சு பாஸ் கொடுக்கிற மூளை. 2021, 2022, 2024 என மூன்று முறை சிறந்த ஆட்டக்காரர். 2023-ல் தன் அணிக்கு முதல் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். முளையில் தெரியாத பயிர்!

சத்னாம் விஷயத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். உடம்பு பளிச்சென்று தெரிந்தது. ஆட்டம்? அவர் எந்த அமெரிக்கக் கல்லூரி அணிக்கும் ஆடியதில்லை, வெளிநாட்டுத் தொழில்முறை லீகிலும் ஆடியதில்லை. பெரிய பெரிய ஆட்களோடு மோதி அவர் எப்படிச் சமாளித்தார் என்று பார்க்க ஸ்கவுட்டுகளிடம் கட்டுக்கட்டாக வீடியோ கிடையாது. போதாக்குறைக்கு ஆட்டமே மாறிக்கொண்டிருந்தது. சத்னாம் பெயரை அழைப்பதற்குச் சரியாக ஒன்பது நாள் முன்னால், 2015 ஜூன் 16 அன்று, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் சாம்பியன் ஆனது. எப்படி? இறுதித் தொடரின் நாலாவது ஆட்டத்தில் ஏழடி சென்டரை உட்கார வைத்துவிட்டு, ஆறடி ஆறங்குல ஆளை ஆரம்பத்திலேயே இறக்கி! ஓடு, வெளியே பாஸ் பண்ணு, தூரத்திலிருந்து எறி என்று லீகே திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில், ரிங்குக்குக் கீழே மலை மாதிரி நிற்கத் தயாரான ஒரு பையன் உள்ளே வந்தார். ஒருத்தரின் எதிர்காலத்தைக் கணிக்கணும்னா ஆட்டத்தின் எதிர்காலத்தையும் சேர்த்துக் கணிக்கணும். சத்னாமின் தவறு என்று இதில் எதுவும் இல்லை.

டென்வரைவிட உசரம் நம்ம குன்னூர்!

இப்ப மலைக்கு வருவோம். யோகிச்சின் அணி டென்வர் நக்கெட்ஸ். கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்தில் இருக்கிற ஊர். அந்த நம்பரையே பெருமையா கோர்ட்டில் எழுதி வெச்சு எதிரணியைப் பயமுறுத்துவாங்க. பாஸ், குன்னூர் 6,000 அடி! ஊட்டி 7,300 அடியைத் தாண்டும்! நாம எங்கேயாவது எழுதி வெச்சிருக்கோமா?

ஊட்டிக் காற்றிலும் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் குறைவு என்பதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்சிஜன் கடற்கரை ஊரைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். அங்கேயே பிறந்து வளர்ந்த பையனின் உடம்பு இதுக்குப் பழகியிருக்கும். கோயம்புத்தூரில் இருந்து காலையில் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் பாதி உசிரை விட்டுட்டு, மத்தியானம் மேட்ச் ஆட வர்ற டீமுக்கு இரண்டாவது குவார்ட்டரிலேயே நாக்கு தள்ளும். பந்தும் சேர்ந்து சதி பண்ணும். சமவெளியில் காற்றடிச்சு எடுத்துட்டு வந்த பந்து இங்கே கல்லு மாதிரி இறுகி ஒரு சாண் கூடுதலா எகிறும். வெளிக்காற்றின் அழுத்தம் குறைஞ்சதுதான் காரணம்.

விளைவு? நம்ம பையன் சொந்த மண்ணில் 30 பாயிண்ட்! ஊரே கொண்டாடும். ஸ்கவுட் மட்டும் நோட்டில் அந்த 30-ஐ எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவார். எதிரணி மூச்சு வாங்கும்போது எடுத்த ரீபவுண்ட் எத்தனை? அதே பையன் கீழே இறங்கி, ஏப்ரல் மாச வெயிலில், தார் ரோடு மாதிரி கொதிக்கிற கோர்ட்டில் ஆடும்போது எத்தனை? மலையில் 20 டிகிரிக்குப் பழகின உடம்புக்கு 36 டிகிரியில் முதல் இரண்டு மூணு நாள் வேர்த்துக் கொட்டி காலே வராது.

மழை வேற. தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், ஊட்டியை நனைக்கும். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும் பிடித்துக்கொள்ளும். திறந்தவெளி சிமென்ட் கோர்ட்டில் பனி இறங்கினாலே சறுக்கும். மேற்கூரை இல்லாத கோர்ட்டில் வருஷத்தில் எத்தனை நாள் முழுசா ஆடியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். திறமையில் குறையே இருக்காது, ஆடின மணி நேரத்தில்தான் இருக்கும். ஸ்கவுட்டுக்கு இது ஒரு விதத்தில் நல்ல செய்தி. குறைவாக ஆடியே இவ்வளவு வருதுன்னா, நிறைய ஆடினா? 'பொட்டென்ஷியல்' என்று அவர்கள் சொல்வது இந்த மிச்சத்தைத்தான்.

ஆனா மிச்சம் இருக்குன்னு எப்படி நம்புறது? இங்கேதான் ஸ்டீஃபன் கரி கதை. ஒல்லியான பையன் என்று பெரிய கல்லூரிகள் ஸ்காலர்ஷிப் கொடுக்க யோசித்தன. டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரியில் சேர்ந்தார். சின்னக் கல்லூரியில் எவ்வளவு எறிந்தாலும் 'யாருக்கு எதிராக?' என்று கேட்பார்களே. 2008-ல் தேசியப் போட்டியில் டேவிட்சன் வரிசையாக கான்ஸாகா, ஜார்ஜ்டவுன், விஸ்கான்சின் என்ற மூன்று பெரிய தலைகளைச் சாய்த்தது. அடுத்து கான்சஸிடம் தோற்றது வெறும் இரண்டு பாயிண்டில். அதுக்கப்புறம் யாரும் 'யாருக்கு எதிராக' என்று கேட்கலை. 2009-ல் ஏழாவது ஆளாக எடுத்தார்கள். சின்னக் கல்லூரியில் இருந்ததால கரி கெட்டுப் போகலை. பெரிய கல்லூரிகளோடு மோத அந்தச் சின்னக் கல்லூரிக்கு ஒரு பாதை இருந்தது. நம்ம பசங்களுக்கு அதுதான் இல்லாத பொருள்.

கீத்துவுக்கு வயசு 25

தென்னிந்தியாவிலிருந்து அமெரிக்க லீகின் கதவை நிஜமாகவே தட்டியவர் ஒரு பெண். கோட்டயம் மாவட்டத்துக்காரர் கீத்து அன்னா ஜோஸ். 6 அடி 2 அங்குலம். சென்னையில் தெற்கு ரயில்வேயில் வேலை, இந்திய அணியின் கேப்டன், நடுவில் ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் கிளப்புக்கும் ஆடினார். 2011-ல் பெண்கள் லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வில் சிகாகோ ஸ்கை, லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்பார்க்ஸ், சான் அன்டோனியோ சில்வர் ஸ்டார்ஸ் என்று மூன்று அணிகளின் தேர்வுக்குப் போனார். ஒப்பந்தம் கிடைக்கவில்லை. 

அப்போது அவருக்கு வயது 25. அமெரிக்காவில் அந்த வயதில் கல்லூரியில் நாலு வருஷம் நூற்றுக்கும் மேல் ஆட்டம் ஆடி முடித்து, லீகிலும் மூணு சீசன் பார்த்திருப்பார்கள். 19 வயதில் 15 பாயிண்ட் எடுக்கிறவரையும் 22 வயதில் 15 பாயிண்ட் எடுக்கிறவரையும் ஸ்கவுட் ஒரே தட்டில் வைக்க மாட்டார். சின்னவரிடம் இன்னும் வளர மூணு வருஷம் பாக்கி. இந்தியாவில் நாம ஒருத்தரை 'ரெடி'ன்னு சொல்ற வயசில் அங்கே 'லேட்'டுன்னு சொல்லிடறாங்க. ஆண்கள் டிராஃப்டில் அமெரிக்காவுக்கு வெளியே ஆடுகிறவர்கள் 22 வயது ஆகிற வருஷத்தில் தானாகவே தகுதி பெற்றுவிடுவார்கள். நம்மில் எத்தனையோ பேர் தெரியாமலேயே அந்த வருஷத்தைத் தாண்டியிருப்போம்!

அடுத்து வந்தவர் அதே லூதியானா அகாடமியின் பிரின்ஸ்பால் சிங். 6 அடி 10 அங்குலம். 2017-ல் தொடங்கிய என்.பி.ஏ. அகாடமி இந்தியாவில் சேர்ந்து, ஆஸ்திரேலியா போய், 2020-ல் ஜி லீக் இக்னைட் அணியில் ஒப்பந்தம் ஆனார். கூட ஆடிய ஜேலன் கிரீன் 2021 டிராஃப்டில் இரண்டாவது, குமிங்கா ஏழாவது. பிரின்ஸ்பால் பெயரை யாரும் அழைக்கவில்லை. ஆனாலும் அந்தக் கோடையில் சாக்ரமென்டோவின் சம்மர் லீக் அணியில் இருந்து கோப்பை வாங்கினார். சத்னாமைவிட இது சரியான பாதை என்பது என் அபிப்பிராயம். தன்னைவிடப் பெரிய ஆட்களோடு தினமும் மோதினாரே!

நம்ம ஊர் டிராஃப்ட்

அமெரிக்காவை விடுங்க. தமிழ்நாட்டுக் கூடைப்பந்து ஆட்டக்காரருக்கு டிராஃப்ட் இரண்டு தடவை வருது. முதல் தடவை பிளஸ் டூ முடிஞ்சதும். சென்னை, கோவை கல்லூரிகளின் செலக்‌ஷன் டிரையல்ஸ், ஃப்ரீ சீட், ஹாஸ்டல், சாப்பாடு. இரண்டாவது தடவை ஃபைனல் இயர். இந்தியன் பேங்க், ஐ.ஓ.பி., ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வருமான வரித்துறை என்று ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை.

இந்த இரண்டாவது டிராஃப்டின் கணக்கே வேற. பெரியகுளம் சில்வர் ஜூபிலி கிளப் போட்டி மாதிரி அகில இந்தியப் போட்டிகளில் அடுத்த வருஷமே ஜெயிக்கிற ஆள் வேண்டும் அவர்களுக்கு. 'இவன் நாலு வருஷத்துல பெரிய ஆளா வருவான்' என்பதை வைத்து வேலை கொடுக்க முடியாது. அதாவது, அமெரிக்காவில் மிச்சத்துக்கு மதிப்பு, இங்கே கையிருப்புக்கு மதிப்பு. இதைக் கேவலமா நினைக்காதீங்க. எஸ்டேட் லைன் வீட்டில் அம்மா கொழுந்து பறிச்சுப் படிக்க வைக்கிற பையனுக்கு, 21 வயசில் மத்திய அரசு வேலை என்பது எந்த டிராஃப்டுக்கும் குறைஞ்சது இல்லை.

ஆனா இதுல மலைப் பசங்க கோட்டை விடுற இடம் ஒண்ணு இருக்கு. மத்திய அரசு வேலைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டில் 'கல்லூரி அணிக்கு ஆடினேன்' என்ற சான்றிதழ் செல்லாது. மாநிலத்துக்கோ நாட்டுக்கோ ஆடியிருக்கணும், இல்லேன்னா பல்கலைக்கழக அணிக்காக வேறு பல்கலைக்கழகங்களோடு மோதியிருக்கணும். உதகை அரசு கலைக் கல்லூரியோ, குன்னூர் ப்ராவிடன்ஸ் கல்லூரியோ, நீங்க ஆடுறது பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ். அந்தப் பல்கலைக்கழக அணியின் 12 இடத்தில் ஒண்ணைப் பிடிக்கணும். கோவையின் பெரிய கல்லூரிகளில் இருந்து, ஸ்போர்ட்ஸ் கோட்டாவிலேயே சேர்ந்து, தினமும் இரண்டு வேளை பிராக்டீஸ் பண்ற பசங்களோடு போட்டி. உங்களுக்கான கம்பைன் சிகாகோவில் இல்லை பாஸ், கோவையில்!

அங்கே உட்கார்ந்திருக்கிற கோச் என்ன பார்ப்பார்? ஊட்டியில் எடுத்த 30 பாயிண்ட் அவருக்குத் தெரியாது. ஆறடி நாலங்குலம் என்றால் உங்க ஊரில் சென்டர், அங்கே நீங்க மூணாவது உயரமான ஆள். வெளியே வந்து ட்ரிபிள் பண்ணத் தெரியுமா? 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியே இருந்து எறிவீங்களா? ஃப்ரீ த்ரோ எப்படி? இந்தக் கடைசிக் கேள்வியை லேசா விடாதீங்க. தடுக்க ஆள் இல்லை, தூரமும் மாறாது. கை சுத்தமா இருக்கான்னு காட்டிக் கொடுக்கிறது ஃப்ரீ த்ரோதான். அமெரிக்க ஸ்கவுட்டுகளே ஒருத்தர் நாளைக்கு நல்ல த்ரீ பாயிண்ட் ஷூட்டரா வருவாரான்னு கணிக்க ஃப்ரீ த்ரோ சதவீதத்தைத்தான் முதலில் புரட்டுவாங்க. ஒரு மாசம் தினமும் 50 எறிஞ்சு எழுதி வெச்சுப் பாருங்க. எழுபதைத் தாண்டலைன்னா உயரத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்.

அதே நோட்டில் இன்னொரு பக்கம் ஒதுக்குங்க. இந்த வருஷம் உங்களைவிடப் பெரிய டீமோடு எத்தனை மேட்ச்? முதலமைச்சர் கோப்பையில் மாவட்ட அளவில் நின்னாச்சா, மேலே போனீங்களா? அந்தப் பக்கம் காலியா இருந்தா, லீவில் கீழே இறங்கி கோவை கிளப் ஏதாவது ஒண்ணில் ஆட்டம் கேட்டு வாங்குங்க. தோத்தாலும் பரவாயில்லை, 20 பாயிண்டில் தோற்றாலும்!

முக்கியமா, செலக்‌ஷன் காலை ஏழு மணிக்குன்னா முதல் நாள் ராத்திரி கடைசி பஸ்ஸைப் பிடிச்சு மேட்டுப்பாளையத்தில் இறங்குற வேலை வேண்டாம். சொந்தக்காரர் வீடோ ஃப்ரெண்டு ரூமோ, ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே போய்த் தங்கி அந்த வெயிலில் ஓடிப் பழகுங்க. பந்தையும் அங்கேயே காத்தடிச்சுக்குங்க.